கோபுரத்து வாசலில் நிற்கும் நால்வர்

நாலந்தா
27.01.2002

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு,

அப்பா எழுதுவது. மாதாவின் கிருபையால் நானும் அம்மாவும் சுகமாயிருக்கிறோம். லண்டன் குளிரில் உனக்கும் ஒரு குறையும் வராதிருக்க இருவரும் தினமும் செபிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, பூசைக்கு நடந்தே போகிறாள். மிளகுக் கொடி இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது. உன் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது. ஏப்ரலில் வரட்டுமா என்று கேட்டிருந்தாய். இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். நீ கேட்கும்போதெல்லாம் நிலைமை சரியில்லை, இப்போது வேண்டாம் என்று ஆறு வருடமாக எழுதிப் பழகிய கை இது. சண்டையை நிறுத்திவிட்டார்கள் என்று வானொலியில் சொல்கிறார்கள், ஆனால் எனக்கு எதையும் உடனே நம்ப வராது, உனக்கே தெரியும்.

கலர் திரையுள்ள புதிய கேம் பெட்டி அனுப்பட்டுமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம் மகள். நீ அலுமாரியில் விட்டுப்போன சாம்பல் நிறப் பெட்டியே போதும். பூஞ்சணம் பிடித்ததா என்று பார்க்கத்தான் பென்சன் எடுத்த வருடம் அதை வெளியே எடுத்தேன், இன்றுவரை விடவில்லை. இந்த வயதில் இது சரிதானா என்று எனக்கே சந்தேகம். ஆனால் அதில் எதிரி எதிரே வந்து நின்றாலும், நான் யோசித்து முடிக்கும்வரை அடிக்காமல் காத்திருக்கிறான். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாலும் அங்கேயே நிற்கிறான். என்னைப்போல் பயந்த மனிதனுக்கு வெளியே யார் இவ்வளவு அவகாசம் தந்தார்கள்? இன்றைக்கு முடியாவிட்டால் அதிலுள்ள சத்திரத்தில் படுத்து எழும்பி, சின்னச் சின்னச் சண்டை போட்டுக் கொஞ்சம் பலமாகி, மறுபடியும் போகலாம். விளையாட்டை விட்ட கட்டத்தைச் சேமிக்க அதில் தனித்தனி இடங்கள் உண்டு, நான் சேமித்து வைப்பது இரண்டாவது இடத்தில் மட்டும்தான். முதல் இடத்தில் உன் பெயரும் விளையாட்டின் கடைசிக் கோபுரத்தின் பெயரும் இருக்கின்றன. நீ விமானம் ஏறிய வாரத்தில் உன் வீரர் நால்வரையும் அந்தக் கோபுர வாசலில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாய். அதை நான் ஒருநாளும் திறக்கவில்லை. வேறு யாராவது திறந்து விளையாடிச் சேமித்தால் உன்னுடையது அழிந்துவிடும்.

போன செவ்வாய்க்கிழமை திரையில் கோடு விழுந்ததால், மாத்தளையில் ரேடியோ திருத்தும் நல்லையாவிடம் காட்டப் பஸ் ஏறினேன். திருத்திய பின் விளையாட்டில் வழி தவறாமல் போய்ச் சோதிக்க வேண்டுமே என்று என் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டேன். முப்பது வருடம் நில அளவைப் படம் வரைந்த கை சும்மா இருக்குமா? அந்த விளையாட்டில் உள்ள சுரங்கம், பாலம் எல்லாவற்றையும் வடக்கு காட்டும் அம்புக்குறியோடு அளவுத்திட்டத்தில் வரைந்து, ஆயுதக் கடை, எதிரிகள் ஆறு பேர், இரகசிய வழி என்று தமிழில் குறித்திருந்தேன். சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பையைத் திறந்ததும் அந்தப் புத்தகத்தைத்தான் விரித்தார். என்னை இறக்கிக் கொட்டிலுக்குள் நிறுத்திவிட்டார்கள். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் மறந்துபோனது. அப்போது அதே பஸ்ஸில் வந்த துணிக்கடை மஸீஹா, யாரும் கூப்பிடாமலே இறங்கி வந்தாள். "சேர், நீங்க வாயத் தொறக்காம இரிங்க, நான் சொல்றேன்" என்றாள். பிறகு சிங்களத்தில், இந்த மனிதர் தன் வீட்டுப் பூனைக்கே பயந்தவர், இவரா சண்டைக்குப் போவார் என்று சொன்னாள். எனக்கு வெட்கமாயிருந்தது, ஆனாலும் நன்றி.

பெட்டியைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். என் ஆட்களை வைத்து மூன்று வௌவால்களோடு சண்டை போட்டேன். நாலு பேர் முதுகுக்குப் பின்னால் நின்று, அடி அங்கிள், அடி என்று கத்தினார்கள். முதலில் காயத்துக்கு மருந்து என்று நான் பொறுமையாகக் கொடுக்க, ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். வென்றதும் கைதட்டினார்கள். பிறகு ஓர் இளம் சிப்பாய், நானும் ஒருதரம் பார்க்கிறேன் என்று பெட்டியை வாங்கி, அணைத்து மறுபடி போட்டார். சேமித்த இடங்களின் பட்டியல் வந்தது. அவர் விரல் முதல் இடத்துக்குப் போனது. மகள், தோளில் துவக்குத் தொங்கும் அந்தச் சிப்பாயின் கையை நான் எட்டிப் பிடித்துவிட்டேன். அதைத் தொட வேண்டாம், அது என் மகளுடையது என்று சொன்னேன், சுத்தமான சிங்களத்தில். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து, மகள் எங்கே என்று கேட்டார். லண்டனில் என்றேன். ஏன் வருவதில்லை என்றார். ஆறு வருடமாக உனக்கு எழுதிய காரணங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. நான்தான் வர வேண்டாம் என்று எழுதுகிறேன் என்றேன். அவர் பெட்டியைத் துடைத்து என் கையில் கொடுத்து, இனி வரச் சொல்லுங்க மாத்தயா என்று மரியாதையாகச் சொன்னார்.

நல்லையா திரையில் விழுந்த கோட்டைச் சரிசெய்துவிட்டார். ஆனால் சேமித்ததைக் காக்கும் பேட்டரி விளையாட்டுக் கேசட்டுக்குள் இருக்கிறதாம். அது இன்னும் ஒன்றிரண்டு வருடம் தாங்கினால் பெரிது என்றார்.

ஆகவே ஏப்ரலில் வா. யோசித்து முடித்துவிட்டேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், உன் கட்டிலை வெயிலில் காயவைத்திருக்கிறாள். கோபுரத்துக்குள் நீதான் போக வேண்டும், நான் பக்கத்தில் இருந்து மருந்து எப்போது என்று மட்டும் சொல்கிறேன். ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக. சளிக்கு வெந்நீர் குடி. விமானத்தின் இலக்கத்தையும் நேரத்தையும் மறக்காமல் எழுது. கட்டுநாயக்கவுக்கு நானே வருகிறேன். நோட்டுப் புத்தகம் கொண்டு வர மாட்டேன்.

என்றும் உன் அப்பா,
மை. ராஜநாயகம்