திரை அணைந்த இருபத்திரண்டு நிமிடம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ரேடார் திரை உறைந்தது. பதினொரு நொடி. மாதம் பிறந்து நான்கு நாள்கூட முடியவில்லை, இது மூன்றாவது முறை. புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிட்டேன்.

"கரண்ட் தர்ற பெட்டி சூடாகுது சார். புதுசு கேட்டு ஆறு லெட்டர் போட்டாச்சு. வருது வருதுங்கறாங்க."

கிணற்றில் போட்ட கல்தான்.

விமானங்களுக்கு வழிசொல்லும் இந்த அறையில் மூன்று பேர் பார்த்த வேலையை இப்போது இரண்டு பேர் பார்க்கிறோம், நானும் நிதானமும். அந்தப் பட்டப்பெயரை யார் வைத்தார்களோ. பதினாறு வருடத்தில் அவர் மைக்கில் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. திரையில் எல்லாம் தெரிந்தாலும், ஒவ்வொரு விமானத்தின் உயரத்தையும் ஒரு காகிதச் சீட்டில் பென்சிலால் எழுதி அடுக்குவார். "மளிகை லிஸ்டா அக்கா?" என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

தொடர்ந்து ஏழாவது நாள் வேலை. வீட்டுக்கு வந்ததும் மகள் ஏதோ கேட்டாள். "மறுபடி சொல்" என்றேன், மைக்கில் சொல்கிற அதே குரலில். "அப்பா, நான் இப்ப சாப்பிட உட்காரலாமா, இல்ல இன்னும் கொஞ்ச நேரம் சுத்திட்டு இருக்கணுமா?" என்றாள், இறங்க அனுமதி கேட்கும் விமானிபோல. மனைவி சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் சிரிப்பு வந்தது.

மார்ச் 11

தூக்கம் சரியில்லை.

மார்ச் 13, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

காலை 10.42. கரண்ட் பெட்டி நின்று திரை கறுத்துப்போனது. கூடவே ரேடியோவும் செத்தது. இறங்குவதற்கு வந்துகொண்டிருந்தவை ஒன்பது விமானங்கள். வெளியே அடர்ந்த மேகம். ஒரு விமானியின் கண்ணுக்கு இன்னொரு விமானம் தெரியாது. மைக் நிதானத்திடம், போன் என்னிடம். ரிசீவரை எடுத்தேன். யாரைக் கூப்பிட வேண்டும் என்பது மறந்துவிட்டது. நிஜமாகவே மறந்துவிட்டது.

"கோபுரத்துக்குச் சொல்லுங்க, எதையும் மேல ஏத்த வேணாம். அப்புறம் பக்கத்து மையம். புதுசா எதையும் இங்க அனுப்ப வேணாம்." உப்பை எடுத்துத் தரச் சொல்வதுபோலச் சொன்னார் நிதானம்.

பேட்டரியில் ஓடும் மாற்று ரேடியோ உயிர்பெற நாற்பது நொடி. அந்த நாற்பது நொடியும் ஒன்பது விமானங்கள் கேட்பாரின்றிப் பறந்தன. ஆனால் ஒன்றோடொன்று மோத வழியில்லை. காலையில் திரை ஒருமுறை சிமிட்டியதிலிருந்தே, திரையே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் அவர் வேலை பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றையும் அடுத்ததைவிட ஆயிரம் அடி உயரத்தில் வைத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

பிறகு சீட்டுகளைப் பார்த்து, கீழே இருந்ததிலிருந்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். எங்கே இருக்கிறார்கள் என்று விமானிகளிடமே கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒன்று தரை தொட்டதாகக் கோபுரம் சொன்ன பிறகுதான் அடுத்தது. ஐந்தை இறக்கினார், நான்கை வேறு நிலையங்களுக்குத் திருப்பினார். 11.04க்கு டெக்னீஷியன் உயிர்கொடுத்த திரை ஒளிர்ந்தபோது, வானத்தில் இருந்ததும் அவர் சீட்டில் இருந்ததும் ஒன்றாக இருந்தன.

அதன் பிறகுதான் பார்த்தேன். அவரால் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியவில்லை. கை அப்படி நடுங்கியது. நான் திறந்து கொடுத்தேன்.

"இன்னிக்கு இனிமே நான் மைக்ல உட்கார மாட்டேன் சார்" என்றார் மேலாளரிடம்.

"ஆள் இல்லையேம்மா."

"ஆள் இல்லைன்னா விமானத்தைக் குறைங்க. என் மண்டைக்குள்ள இப்ப ஒரு நம்பர்கூட நிக்கல."

எழுந்து போய்விட்டார். மதியம் பாதி விமானங்கள் ரத்து.

மார்ச் 14

அவருக்கு மெமோ. 'பணி செய்ய மறுத்தது.' ஒன்பது விமானங்களைக் காப்பாற்றியதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

மேலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அவங்க நல்லாத்தான் இருந்தாங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுப்பா. ஷிப்ட் தலைவர் லிஸ்ட்ல உன் பேரும் இருக்கு." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 15, சனி

13ஆம் தேதிப் பக்கத்தில் நான் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அவர் போன பிறகு நான் தனியாக உட்கார்ந்தேன். மூன்றே விமானம்தான். அதிலும் ஒன்றுக்குச் சொல்ல வேண்டிய உயரத்தை இன்னொன்றுக்குச் சொல்லிவிட்டேன். "அது எங்களுக்கா?" என்று விமானி கேட்டதால் பிழைத்தோம். என்னாலயும் முடியலதான். அவங்க சொன்னாங்க, நான் சொல்லல. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா அது எவ்வளவு பெரிய வித்தியாசம்.

மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். "என்ன பார்த்தீங்களோ அதை எழுதிக் குடுங்க. லிஸ்ட் கிடக்குது" என்றாள்.

மார்ச் 17, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் கை நடுங்கியதை. என் தவறையும்.

கொடுக்கும் முன் நிதானத்துக்குப் போன் செய்தேன். "என்னைக் காப்பாத்தறதுக்காக எழுதாதீங்க. நடந்ததை எழுதுங்க, போதும்" என்றார்.

ஏப்ரல் 2

வெளியிலிருந்து இரண்டு விசாரணை அதிகாரிகள். யாரும் கேட்காமலே டெக்னீஷியன் புகார்ப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார், தன் ஆறு கடிதங்களின் நகலோடு. ஒரே பழுது, முப்பத்தொரு தடவை எழுதப்பட்டிருந்தது. அதிகாரிகளில் ஒருவரான அம்மா முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தார்.

ஏப்ரல் 28, திங்கள்

மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம், இரண்டு வாரம் மறுபயிற்சி. பட்டியலில் என் பெயர் இல்லை. ஷிப்ட் தலைவர் நிதானம். மனசு கொஞ்சம் வலித்தது, பொய் எதற்கு? ஆனாலும் வேறு யாரை உட்காரவைப்பது?

மே 19, திங்கள்

புதிய கரண்ட் பெட்டி வந்து பத்து நாளாகிறது. அவர் விடாமல் கேட்டு, ஒவ்வொரு ஷிப்டுக்கும் மூன்றாவது ஆளையும் வாங்கிவிட்டார்.

இன்று பதினோரு மணிவாக்கில் தலை கனத்தது. ஒரு எண்ணை இரண்டு முறை படித்தேன், இரண்டு முறையும் மனதில் நிற்கவில்லை. கை தூக்கினேன். "என்னால இப்ப முடியல."

நிதானம் ஏன் என்று கேட்கவில்லை. மூன்றாவது ஆளைக் கண்ணால் அழைத்தார். எந்த விமானம் எங்கே என்று வந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஓய்வறை பெஞ்சில் படுத்து இருபது நிமிடம் தூங்கினேன்.