வெண்குழிய மரபணுவின் முதல் எழுத்துகள்

யூன் 16, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. வெள்ளவத்தையில் பஸ் ஏறுவதற்குள் செருப்பு ஊறிவிட்டது.

ஆய்வுகூடத்தில் இன்றும் ஒன்றும் இல்லை. மனித மரபணுவைப் பக்டீரியாவுக்குள் போட்டாயிற்று. பக்டீரியா நன்றாக வளர்கிறது. புரதம் மட்டும் செய்ய மாட்டேன் என்கிறது. இரத்தத்தில் வெண்குழியங்களைப் பெருக்கும் புரதம். புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்களுக்கு ஊசியாகப் போடுவது. இங்கேயே செய்ய வேண்டும் என்றுதான் இவ்வளவு பாடும்.

ஆய்வுக்குப் பொறுப்பான சேர் சொன்னார், "வெள்ளி வரைக்கும் பாருங்கோ. பிறகு இதை மூடுவம்."

சரி என்றேன். மனம் சரி என்று சொல்லவில்லை.

யூன் 17, செவ்வாய்

மரபணுவின் தொடக்கத்தில் சில எழுத்துகளை மாற்றினால் பக்டீரியாவுக்கு வாசிக்க இலகு, புரதம் மாறாது. போன மாதமே சேரிடம் சொன்னேன். தேவையில்லை என்றார். ஆனாலும் நானும், கூட வேலை செய்யும் நுஸ்ரத்தும் அப்படி ஒரு பிரதி செய்து வைத்திருந்தோம். எழுத்து வரிசை அறிக்கை இன்று வந்தது. ஒரு பிழையும் இல்லை.

நாளைக்கு: இதைப் பக்டீரியாவுக்குள் போட வேண்டும். புதுத் தட்டுகள். வளர்ப்புத் திரவம். அம்மாவுக்கு கோல் எடுக்க. முருங்கைக்காய்.

யூன் 20, வெள்ளி

வந்துவிட்டது.

புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் சாயம் கழுவக் கழுவ, எங்கள் பிரதியின் வரிசையில் மட்டும் ஒரு நீலப் பட்டை. எங்கள் புரதம் இருக்க வேண்டிய இடத்திலேயே. பழைய பிரதியின் வரிசை வெறுமை.

நுஸ்ரத் என் கையைப் பிடித்தாள். "இங்க பாருங்க, எவ்வளவு தடிப்பா வந்தீக்கி."

சேரைக் கூட்டி வந்தோம். குனிந்து பார்த்தார்.

"இது எது?"

"நீங்கள் தேவையில்லை எண்டது, சேர்."

ஜெல் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "நான்தான் பிழை விட்டிட்டன். மூட வேண்டாம்."

வீட்டில் குகனிடம் சொன்னேன். "அப்ப உம்மட பக்டீரியாவுக்கு இப்பதான் வேலை விளங்கியிருக்கு" என்றார். என் கணவருக்கு அவ்வளவுதான் விஞ்ஞானம். இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

யூலை 4, வெள்ளி

வெயில். புரதத்தைச் சுத்திகரித்து வெண்குழியங்களை உண்டாக்கும் எலியின் எலும்பு மச்சைக் கலங்களுக்குக் கொடுத்து நாலு நாள்.

கொடுக்காத கிண்ணத்தில் கலங்கள் சுருங்கிச் செத்துக் கிடந்தன. கொடுத்ததில் இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு. நான் எண்ணினேன். நுஸ்ரத் எண்ணினாள். சேர் தானும் எண்ண வேண்டும் என்று நுணுக்குக்காட்டியில் குனிந்தவர் நிமிர நெடுநேரம்.

"வேலை செய்யுது, பிள்ளையள்."

புரதக் குழாயில் பெயர் எழுதச் சொன்னார். அவருடைய பெயரை எழுதப் போனேன். "என்ரை இல்லை, உங்கட ரெண்டு பேரின்ரை." எழுதினேன். கை ஈரத்தில் மை கரைந்தது. துடைத்துவிட்டுத் திரும்ப எழுதினேன், பெரிதாக.