ஆவுடை தராத ஆறு எண்கள்

செவ்வாய் நிலையம், நாள் 211, காலை 07:40
காற்று, நீர், மின்சாரம் சீர். இந்தக் கிரகத்தின் ஒரே குடிமகனும், ஆகவே பேரரசனுமாகிய பூதலிங்கம் இரண்டு இட்லிப் பொட்டலங்களைப் போரிட்டு வென்றான். பிறகு காற்றுச் சுத்திகரிப்பியின் நிரலுக்கு நானே எழுதிய பூட்டைப் போட்டேன். கோப்போடு கூடவே ஓடும் பூட்டு. நகலெடுத்தாலும், பூமிக்கே அனுப்பினாலும் ஒட்டிக்கொண்டே போகும்; பூமியில் இருக்கும் பழைய நகலிலும் இன்றிரவே ஏறிவிடும். என் கைரேகையும், பூமியில், சுரண்டையில் இருக்கும் என் தங்கை ஆவுடையின் போனுக்குப் போகும் ஆறு எண்களும் சேர்ந்தால்தான் திறக்கும். எமனே வந்தாலும் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

நாள் 212, பகல் 11:05
சுத்திகரிப்பி நின்றுவிட்டது. நிரலை மறுபடி ஏற்றினால் ஓடும். கைரேகை வைத்தாயிற்று. எண்களைக் கேட்டு ஆவுடைக்குக் குரல் செய்தி அனுப்பினேன். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம்.

11:52
பதில்: "யாருல நீ? எங்கண்ணன் கொரல்லயே பேசுத? ஒஞ் சோலியப் பாத்துட்டுப் போ."
சிங்கம்! நான் வளர்த்த சிங்கம்! மோசடிக்காரர்கள் குரலையும் திருடுகிறார்கள், நானே அழுது கேட்டாலும் தராதே என்று சொல்லிவிட்டு வந்தவன் நான்தான். அதற்கு முன் பத்தாயிரம் தடவை குரல் மாற்றிப் பேசி அவளை ஏமாற்றியவனும் நான்தான்.

13:20
எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்ததைச் சொன்னேன்: சின்ன வயதில் அவள் தன் கம்மலைக் கோழிக்கு மாட்டிவிட்டது.
பதில்: "அத அவன் ஊரு பூரா சொல்லிச் சிரிச்சிருக்கானே!"

15:10
பூமியின் தரைக்கட்டுப்பாட்டு மையம்: "சார், உங்க பூட்டை எங்களால உடைக்க முடியல. உங்க தங்கை வீட்டுக்கே ஆள் அனுப்பினோம். அடையாள அட்டையைப் பார்த்துட்டுக் கதவைச் சாத்திட்டாங்க."
அட்டையை நம்பாதே. அதுவும் என் பாடம்.

16:30
தலை பிளக்கிறது. விரல் நுனி நீலம். பேரரசு வேண்டாம், யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். "ஆவுடை, நாந்தாம்மா. மூச்சு முட்டுது" என்று அனுப்பினேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டிச் சொல்லவில்லை.

17:25
என் சொந்த அஞ்சல் பெட்டிக்கு அவள் செய்தி.
"அண்ணே, சாப்ட்டியா? இன்னைக்கு ஒருத்தன் ஒன் கொரல்லயே அழுதாம் பாரு, மூச்சு முட்டுதாம்! எனக்கே எண்ணச் சொல்லிருவோமான்னு ஆயிட்டு. ஆனா நீ சொன்னமாதிரி கடைசி வரைக்கும் குடுக்கலண்ணே. இனிமே ஒம்பேர்ல என்ன வந்தாலும் தொறக்க மாட்டேன். நீ நேர்ல வந்து நில்லு, அப்பத்தான் நம்புவேன்."

மணி தெரியவில்லை
கண்டெடுப்பவருக்கு. இந்தக் குறிப்புக்குப் பூட்டு இல்லை. ஆவுடையிடம் சொல்லுங்கள், நான் சொன்னபடிதான் செய்தாள், அவள்மேல் தப்பில்லை. நான்தான் சொன்னேன் என்று சொல்லுங்கள். அவள் நம்ப மாட்