அக்குளில் ஒட்டுப்போட்ட சட்டை

மாப்ளே,

போன மாதம் உன்மேல் கடைசியாகப் போர்த்தக் கோடித் துணி எடுக்கப் போனேன். கடைக்காரர் துணியை விரித்ததும் அந்தக் கஞ்சி வாசம் குப்பென்று வந்தது. பழக்கதோஷம், ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வாய் தன்பாட்டுக்குக் கேட்டுவிட்டது: "சுருங்குமா?"

"அண்ணே, இதுக்குப் போயி சுருங்குமான்னு கேக்குறீக?" என்றார் அவர். பக்கத்தில் நின்ற என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நீ இருந்திருந்தால் நிச்சயம் சிரித்திருப்பாய். இப்படிச் சலவை காணாத கோராத் துணியும் நானும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

பன்னிரண்டாம் வகுப்பில் தையல் பிரிவு எடுத்த பையன்களை, கணக்கு, விஞ்ஞானம் படித்தவர்கள் 'பாவாடை குரூப்பு' என்று கூப்பிட்ட காலம் அது. பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்த எனக்கு வேறு பிரிவு கிடைக்கவில்லை. நீயோ கேட்டு வாங்கிச் சேர்ந்தாய். சிலமலையிலிருந்து நடந்தே வந்து, எல்லாருக்கும் முன்னால் மிஷினில் உட்கார்ந்திருப்பாய். பாபினில் நூல் சுற்றவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் நீ காலர் வைக்கக் கற்றுவிட்டாய்.

செய்முறைத் தேர்வுக்கு இரண்டு பேர் சேர்ந்து ஓர் உடுப்பு தைத்து வைக்க வேண்டும். மற்றவர்கள் கவுன், ஜாக்கெட் என்று போனார்கள். நீ மட்டும், "எங்காத்தாவுக்கு ஒரு சட்டை தைப்போம்டா" என்றாய். ஏலக்காட்டுக்கு ஜீப்பில் போகிற பெண்கள் சேலைக்கு மேல் புருசனின் பழைய சட்டையைத்தான் மாட்டிக்கொள்வார்கள். அட்டை கடிக்கும், குளிரும். ஆம்பளைச் சட்டை தோளில் தொங்கும், கையில் இடிக்கும். பொம்பளை அளவுக்கே ஒரு சட்டை, மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிக்கொள்ள நாடா வைத்து. இதுதான் உன் யோசனை.

யோசனை உன்னுடையது. நாசம் என்னுடையது.

"நனைக்காத துணியில கத்திரி வச்சா, சட்டை உன்னைய வெட்டும்டா" என்று தையல் சார் வாரத்துக்கு ஒரு தடவை சொல்வார். துணியை ஊறவைத்துக் காயப்போடும் சோலியை என்னிடம் கொடுத்தாய். நான் துணியைப் பைக்குள் வைத்துக்கொண்டு மேட்னி பார்க்கப் போய்விட்டேன். மறுநாள், "நனைச்சியா?" என்று கேட்டாய். "நல்லா முக்கி எடுத்தேன்" என்றேன். நீ நம்பினாய். சட்டை அச்சாக வந்தது.

தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது, போட்டுப் பார்த்துச் சொல்லட்டும் என்று அத்தையிடம் கொடுத்தோம். உனக்கு ஆத்தா, எனக்கு அத்தை. காலையில் அத்தை அதைப் போட்டுக்கொண்டு கம்பீரமாக ஜீப்பு ஏறிப் போனது. மலையில் அன்றைக்கு முழுக்கச் சாரல். நனைந்த சட்டையோடு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில், சூட்டுக்குழாய்ப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறது. சாயங்காலம் போடியில் ஜீப்பு வந்து நின்றது. முதலில் சிரிப்பு இறங்கியது, பிறகுதான் பெண்கள் இறங்கினார்கள். கடைசியில் அத்தை. இரண்டு கையும் பாதி விரிந்து, சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி.

"எடுபட்ட பயலுகளா! தூக்குன கை எறங்க மாட்டேங்குது, எறக்குனா தூக்க மாட்டேங்குது. வெரசாக் கழட்டுங்கடா!"

கழற்ற முடியவில்லை. அக்குளிலும் விலாவிலும் கத்திரி போட்டுத்தான் அத்தையை வெளியே எடுத்தோம்.

நீ என்னைப் பார்த்தாய். "முக்கி எடுத்தேன்னியே, எதுலடா முக்குன?"

மேட்னிக்குப் போனதைச் சொன்னேன்.

அந்தச் சட்டை இல்லையென்றால் செய்முறையில் தோல்வி. தோற்றால், ஜீப்பில் லோடு ஏற்ற உன் மாமா உனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். "மலைக்கு வேலைன்னு ஏறுனா அப்புறம் எறங்க மாட்டேன், மாப்ளே" என்று நீயே சொல்லியிருந்தாய். பள்ளியில் வேறு துணி கிடையாது, வெட்டின மிச்சம்தான். தையல் சார், "யார்டா நனைக்கல?" என்று குச்சியோடு கேட்டபோது, "ரெண்டு பேருந்தான் சார்" என்று கையை நீட்டியவன் நீ. நீ வாங்கிய அந்த அடியும் எனக்குச் சேர வேண்டியது; அதை இன்னும் உனக்குச் சொல்லித் தீரவில்லை.

மிச்சத் துணியை இந்த முறை மூன்று தடவை ஊறவைத்தேன். நீ அத்தையை முற்றத்தில் குந்தவைத்தாய். ஏலக்காய் செடியின் உச்சியிலா காய்க்கிறது? தூருக்குள்ளே காய்க்கிறது. குந்தி, இரண்டு கையையும் முன்னால் விட்டுத்தான் எடுக்க வேண்டும். "எங்க இழுக்குது ஆத்தா?" என்றாய். "இங்கதாண்டா" என்று அத்தை அக்குளைக் காட்டியது. கத்திரி போட்ட அதே இடத்தில், சீட்டுக்கட்டு டைமண்ட் போல நாலு மூலைத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தாய். விலாவில் நீளப் பட்டி. பார்த்தால் ஒட்டுப்போட்ட சட்டைதான். போட்டால் கை காற்றாடி மாதிரி சுழன்றது.

தேர்வு அன்று மதிப்பெண் போட மதுரைப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்திருந்தார்கள். கண்ணாடியை இறக்கிக்கொண்டு சட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"புதுச் சட்டையில எதுக்கு ஒட்டு?"

டிசைன் என்று சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய். "நனைக்காமத் தச்சுட்டோம்மா. சுருங்கிருச்சு, கிழிச்சோம். ஆனா இப்பத்தான் நல்லா இருக்கு."

நான் தையல் சாரின் குச்சி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.

"நல்லாருக்குன்னு யாரு சொன்னா?"

"எங்காத்தா. வெளிய மரத்தடியில உக்காந்திருக்கு."

கூப்பிடச் சொன்னார்கள். அத்தை வந்தது, சட்டையை மாட்டியது, இரண்டு பெஞ்சுக்கு நடுவில் குந்தி இல்லாத செடியிலிருந்து இல்லாத காயை மளமளவென்று எடுத்தது. பிறகு என் பக்கம் திரும்பியது.

"ஏலே, நீயும் குந்துடா. ஒஞ்சட்டையும் சட்டையான்னு அம்மா பாக்கட்டும்."

மேட்னிக்குப் போகவென்று உடம்போடு ஒட்டப் பிடித்துத் தைத்த சட்டை என்னுடையது. குந்திக் கையை நீட்டினேன். டர்ர்ரென்று இரண்டு அக்குளும் ஒரே நேரத்தில் போயின. பாவாடை குரூப்பு முழுக்க உருண்டு சிரித்தது. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம் பேனாவை எடுத்து மதிப்பெண் போட்டுவிட்டுத் தையல் சாரிடம், "இது சரியான சட்டை" என்று மட்டும் சொன்னார்கள்.

சட்டையைப் பள்ளியில் வைக்க வேண்டும் என்று சார் கை நீட்டினார். "நாளைக்குக் காயெடுப்பு இருக்கு சார்" என்று அத்தை போட்டபடியே வெளியே நடந்துவிட்டது. பின்னாலேயே நாம் இருவரும். நான் அக்குளைப் பொத்திக்கொண்டு, நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

இரண்டு பேரும் தேறினோம். உன் மாமா லோடுக்கு வேறு ஆள் தேடிக்கொண்டார். அடுத்த காயெடுப்புக்குள் அந்த ஜீப்பில் ஏழு பெண்கள் ஒட்டுப்போட்ட சட்டையோடு மலையேறினார்கள். பிறகு நாம் சேர்ந்து போட்ட தையல் கடைக்குப் பலகை எழுதுவதற்கு முன்பே நமக்குப் பெயர் வந்துவிட்டது.

உன் மிஷினில் இப்போது என் மகள் உட்கார்கிறாள். அளவெடுக்கிற சோலி இன்னமும் என்னுடையதுதான். போன வாரம் கல்யாணச் சட்டைக்கு ஒரு பையன் வந்தான். தைத்ததைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்து, "சூப்பர்ணே" என்றான். "குந்துங்க தம்பி" என்றேன். அவன் அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். "தாலி கட்டப்போற பிள்ளைய எதுக்குய்யா குந்தவைக்கிறீக?"

"கட்டும்போது ரெண்டு கையையும் முன்னால நீட்டணும்ல தாயி?"

பையன் வெட்கப்பட்டுக்கொண்டே குந்தினான். யாருமில்லாத கழுத்தை நோக்கி இரண்டு கையையும் நீட்டினான். சட்டை எங்கேயும் பிடிக்காமல், அவன் கைகளோடு கூடவே போனது, மாப்ளே.