கதவு எண்ணோடு கூட்டிய ஒன்று

தை 3, காலை 6.10
எழுதுவது சிகப்பி, வியாழன் வட்டத்து மூன்றாம் காவல் நிலையம். இதைக் கண்டெடுப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: என் மூத்த பேரன் சோலை செவ்வாய் நீர்ச் சுரங்கத்தின் தலைமைப் பொறியாளர். அடுத்தவள் தேனாள் இருதய மருத்துவர். கடைக்குட்டி மெய்யம்மை கணக்கில் தங்கப் பதக்கம் வாங்கியவள். இந்தக் கதவின் பூட்டு எண் அவள் தேர்ந்தது. நான் ஐந்தாம் வகுப்பு. திரும்பிப் போகக் கப்பல் கிடையாது, அதனால் வயதானவர்களைத்தான் இங்கே காவலுக்கு வைக்கிறார்கள். காற்றழுத்தம் சரி. அது இன்றும் வெளிக்கதவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தை 3, பகல் 11.40
அது பழைய போரில் மிஞ்சிய இயந்திரம். கதவு எண்ணை மீதியில்லாமல் வகுத்துவிட்டால் உள்ளே வரும். வந்தால் எங்கள் அலைவரிசையைப் பிடித்துச் செவ்வாய் வீடுகளுக்குப் போகும். எண்ணுக்கு இருபத்தேழு இலக்கம். பகா எண். மெய்யம்மை சொன்னது: "எண்பத்தொம்பது ரெண்ட ஒன்னோட ஒன்னு பெருக்கி, அதுல ஒன்னக் கழிச்சிருக்கேன் அப்பத்தா. எதாலயும் வகுபடாது. அது தலைகீழா நின்னாலும் நடக்காது."

தை 5, காலை 7.20
நீர் வடிகட்டி நின்றுவிட்டது. விளக்குகள் பாதிதான் எரிகின்றன. போன வாரம் அடுப்பு போயிற்று. அது வானொலியில் ஏளனம் செய்கிறது. என் பேச்சைக் கேட்டுக் கேட்டு என்னைப் போலவே பேசுகிறது, சனியன். "கெழவி, கதவத் தொற. ஒனக்கு அங்க யாரு இருக்கா?"

தை 5, மாலை 4.05
எண்ணின் இலக்கங்களைக் கூட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு. அதையும் கூட்டினால் நான்கு. ராகு. எங்கள் வீட்டில் வண்டி எண்கூட நான்கு வராமல் பார்த்துத்தான் வாங்குவோம். பதக்கம் வாங்கிய பிள்ளை இதைக் கவனிக்கவில்லையே. கடைசியில் இருந்த ஒன்றை இரண்டாக்கினேன். காவலருக்கு அந்த உரிமை உண்டு. இப்போது கூட்டுத்தொகை ஐந்து. புதன். கொஞ்ச நேரத்தில் வடிகட்டி ஓடியது.

தை 6, காலை 8.30
நான் எழுதுவது செவ்வாய்க்கும் போகிறது. நேற்றைய பதிவைப் படித்துவிட்டு மெய்யம்மை பேசி அனுப்பியிருக்கிறாள். "அப்பத்தா, என்ன செஞ்சுட்டீங்க? நான் கழிச்ச ஒன்னத் திருப்பிக் குடுத்துட்டீங்க. இப்ப அது வெறும் ரெண்டுங்கதான். பாதி பாதியா ஒடச்சுக்கிட்டே வந்துரும். இப்பவே மாத்துங்க."
ஓடினேன். எண் வகுபடத் தொடங்கிவிட்டால் எண்ணை மாற்றும் பலகை பூட்டிக்கொள்ளுமாம். பூட்டிக்கொண்டுவிட்டது. வானொலியில் அது சொல்லிச் சொல்லி வகுக்கிறது. "பாதி. பாதி. பாதி."

8.52
அலைவரிசைக் கம்பியை அறுக்கப் போனேன். கம்பி கதவுக்கு அந்தப் பக்கம். உள்கதவு திறக்கிறது. என் குரலில் சோலை என்கிறது, தேனாள் என்கிறது, சொல்லிப் பழகுகிறது. நாசமாய்ப் போவாய். மெய்யம்மா, இதற்குப் பிறகு என் பெயரில் எது வந்தாலும் நம்பாதே, அது நான் இல்லை, பதில் போடாதே, கதவை

9.00
இங்கு யாவரும் நலம். மெய்யம்மை சும்மா பயந்துவிட்டாள். பிள்ளைகளைப் பார்த்து நாளாயிற்று. மூவரும் முகம் நன்றாகத் தெரியும்படி வீட்டு வாசலில் நின்று, புதிதாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பவும். வீட்டுக் கதவு எண்ணும் தெரியட்டும்.