வெள்ளிக்கிழமைக் காற்று

புனே
3.7.2023

அன்புள்ள அண்ணிக்கு,

மொட்டை மாடியில் வைத்துவிட்டு வந்த இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறதா? பதினான்கு வருடமாக டெல்லிக் காற்று, இமயமலைக் காற்று என்று ஊரார் காற்றையே அலசிக்கொண்டிருந்தேன். நம் ஸ்ரீரங்கத்துக் காற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் நானாகக் கேட்டு வாங்கிய முதல் ஆராய்ச்சி. உங்களை நம்பித்தான் விட்டிருக்கிறேன்.

இயந்திரம் இழுக்கும் காற்றிலுள்ள தூசி படியும் வடிதாளைத் தினமும் காலை ஆறு மணிக்கு மாற்றுங்கள். கை படவே கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். முப்பது சேர்ந்ததும் பார்சலில் அனுப்புங்கள். கூடவே நாலு வரி எழுதி வையுங்கள். போனில் அண்ணன் நம்மைப் பேசவே விடுவதில்லை!

உங்கள் பிரியமுள்ள
ரஞ்சனி


ஸ்ரீரங்கம்
5.8.2023

அன்பு ரஞ்சனிக்கு,

முப்பது தாளும் இதில் இருக்கின்றன. ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்கு மேல் வைத்திருந்தேன். உன் அண்ணன் பார்த்துவிட்டு, "என்ன இது, அப்பளம் இவ்ளோ கருப்பா இருக்கு?" என்றார். நல்லவேளை, பொரிக்கச் சொல்லவில்லை. அடியம்மா, ஒரே நாளில் இவ்வளவு கரியா!

மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணியை விட்டுவிட்டு உன் இயந்திரத்தைத்தான் முதலில் போய்ப் பார்க்கிறேன். கவலைப்படாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. போன தடவை குச்சி மாதிரி வந்து நின்றாய்.

உன் அண்ணி
ஆனந்தவள்ளி


புனே
14.8.2024

அண்ணி, அண்ணி, அண்ணி!

கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஒரு வருடத் தாள்களையும் அலசிப் பார்த்ததில் ஓர் அதிசயம்: வெள்ளிக்கிழமை தோறும் புகைக்கரி பாதியாகக் குறைகிறது. வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்று யாரும் குப்பை கொளுத்துவதில்லை, அதனால்தான் என்று எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் வெளிவரும். அதை வைத்துப் பதவி உயர்வும் உறுதி என்று இயக்குநரே சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

உங்கள் ரஞ்சனி


ஸ்ரீரங்கம்
21.8.2024

அன்பு ரஞ்சனிக்கு,

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் வீட்டிலும் கீழ்வீட்டு அகிலாண்டத்தம்மா வீட்டிலும் சாம்பிராணி போடுவோம். புகை நேராக மாடிக்குத்தான் போகும். நீ கேட்டது ஊர்க் காற்று. அதில் எங்கள் வீட்டுப் புகை கலந்தால் உன் ஆராய்ச்சி கெட்டுவிடுமே என்று, வெள்ளிக்கிழமை தோறும் இயந்திரத்தின் வாயில் ஈரத்துண்டைச் சுற்றிவிடுவேன். மறுநாள் காலையில்தான் எடுப்பேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன், ரஞ்சனி. இங்கே வெள்ளிக்கிழமையும் குப்பை எரிகிறது.

"நீயாப் போயி சொல்லாட்டி யாருக்குத் தெரியப்போகுது? சும்மா இரு, அவ பதவிதான் போகும்" என்கிறார் உன் அண்ணன். அவர் சொல்வதும் பாசத்தில்தான். என்னால் முடியவில்லை.

இயந்திரத்தை எடுத்துக்கொண்டுபோய் விஷயம் தெரிந்தவர்கள் வீட்டில் வைத்துவிடு. என்னை மன்னித்துவிடு.

ஆனந்தவள்ளி


புனே
13.9.2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஏழு தடவை போன் செய்தீர்கள். நான் எடுக்கவில்லை. வேலை ஒன்றும் இல்லை, கோபம்தான். இரண்டு நாள் அழுதேன்.

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பதவி உயர்வு இந்த வருடம் இல்லை. இயக்குநர் "துண்டா?" என்று இரண்டு தடவை கேட்டார். வெட்கமாகிவிட்டது.

பிறகு யோசித்தேன். உங்களுக்கு எத்தனை விதி சொன்னேன்! வெள்ளிக்கிழமை நம் வீட்டில் சாம்பிராணி போடுவார்கள் என்று அந்த வீட்டிலேயே பிறந்த எனக்குத் தெரியாதா? கரி குறைந்ததைப் பார்த்ததும் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? காரணத்தை நானே கற்பித்துக்கொண்டேன். படித்த திமிர், வேறென்ன.

நீங்கள் மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. உங்களால் மட்டும் என் முகத்தைப் பார்க்க முடியாமல் போயிருக்கும். அதற்கு இந்தப் பதவி உயர்வு போனதே மேல்.

மறுபடியும் ஒரு வருடம் முதலிலிருந்து அளக்க வேண்டும். இயந்திரத்தை வேறு வீட்டுக்கு மாற்றச் சொன்னார்கள். மாட்டேன், அண்ணி வீட்டில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

கோபம் இன்னும் பாதி இருக்கிறது. நேரில் வந்து சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்கிறேன். இருபத்தெட்டாம் தேதி காலை மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு அண்ணனை அனுப்பாதீர்கள்.

நீங்கள் வாருங்கள்.

ரஞ்சனி