இடது பக்கத்து இருக்கை

சேலையூர்,
14.9.2025

அன்புள்ள டேனியலுக்கு,

கர்த்தருடைய தயவால் இங்கே நான் சுகம். திருச்சி வெயில் உங்களை அதிகம் வாட்டாமல் இருக்க வேண்டும்.

நம் சபை ஆயர் சொன்னபடி எழுதுகிறேன். "போன்ல பேசினா நீங்க ரெண்டு பேரும் கோர்ட்டுலதான் போய் நிப்பீங்க. கிறிஸ்துமஸ் வரைக்கும் லெட்டர் எழுதுங்க. அப்புறம் சேர்ந்து இருக்கிறதா, பிரியிறதான்னு என்கிட்ட வந்து சொல்லுங்க" என்று அவர் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் காலத்தில் தபால் தலை எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதையே எழுதுகிறேன். எங்கள் ஆபீஸ் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். சேலையூரிலிருந்து சிறுசேரிக்கு இரண்டு பஸ் மாறிப் போவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. ஒரு பழைய கார் வாங்கலாம் என்றிருக்கிறேன். பெட்ரோலைக் குடிக்கக் கூடாது. அதே சமயம் ஓட்டினால் சந்தோஷமாகவும் இருக்க வேண்டும். வண்டியில் என்ன சந்தோஷம் என்று கேட்பீர்கள். பொன்மார் வளைவில் திரும்பும்போது அது என் பேச்சைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பொன்மார் என்றதும் உங்களுக்கும் ஞாபகம் வந்திருக்கும். "இறங்கு, நான் ஓட்டுறேன்" என்றீர்கள். நான் இறங்கினேன். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். நீங்கள் அந்த வாரமே காரை விற்றுவிட்டுத் திருச்சிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனீர்கள்.

சரி, அது கிடக்கட்டும். இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து நாள் முழுக்க வண்டிகளையே பார்க்கிறவர் நீங்கள். உங்களைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது?

இப்படிக்கு,
ஜென்சி


திருச்சி,
21.9.2025

அன்பு ஜென்சிக்கு,

உன் கடிதம் வந்தது. பழைய வண்டி வாங்குவதில் அவசரம் கூடாது.

முதலாவது, உனக்கு ஆட்டோமேட்டிக்தான் நல்லது. மேடவாக்கம் சிக்னலில் கிளட்சை மிதித்து மிதித்து முழங்கால் போய்விடும். டீசல் வேண்டாம், நீ ஓட்டும் தூரத்துக்குப் பெட்ரோல் போதும்.

நம் பக்கத்தில் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் நிறைய. அதைக் கழுவி, செண்ட் அடித்து விற்பார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார். அதை மட்டும் யாரும் கழுவ மாட்டார்கள். அடியில் சேற்றுக் கோடு இருந்தால் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்துவிடு.

காலையில் முதல் ஆளாகப் போ. பானெட்டைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் நீ வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த இன்ஜின் பொய் சொல்லாது.

மைலேஜ் என்று அவர்கள் சொல்லும் எதையும் நம்பாதே. டேங்கை நிரப்பி, ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி நிரப்பிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். டயர் தேய்மானத்தையும் பார்.

இங்கே மெஸ் சாப்பாடு பரவாயில்லை. சாம்பாரில் மட்டும் வெல்லம் போடுகிறார்கள்.

அன்புடன்,
டேனியல்


சேலையூர்,
5.10.2025

அன்புள்ள டேனியலுக்கு,

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு புரோக்கரிடம் வெள்ளை வண்டி ஒன்று பார்த்தேன். உள்ளே மல்லிகை வாசனை தூக்கியது. நீங்கள் சொன்னபடி பெல்ட்டை இழுத்தேன். அடியில் விரல் அகலத்துக்குச் சேறு. "இன்னா இது?" என்றேன். "மேடம், அது டீ கொட்டின கறை" என்றான். டீயைச் சீட் பெல்ட்டுக்குள் எப்படிக் கொட்டினாய், நானும் பார்க்கிறேன், கொட்டிக் காட்டு என்று நின்றேன். கடைசியில் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உங்கள் பேச்சுக்காக ஒரு ஆட்டோமேட்டிக்கும் ஓட்டிப் பார்த்தேன். ஆக்ஸிலேட்டரை மிதித்தால், கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் என்கிறது. எனக்கு வேண்டாம். முழங்கால் என்னுடையது, போனால் போகட்டும்.

மாடம்பாக்கம் கோயில் பக்கம் சாம்பசிவன் என்பவர் நீல ஸ்விஃப்ட் ஒன்றை விற்கிறாராம். பெட்ரோல், கியர் வண்டி. நிலம் நீச்சு உள்ள மனிதர், வண்டியை அதிகம் வெளியே எடுத்ததில்லை என்கிறார்கள். வருகிற 25ஆம் தேதி சனிக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறார். ஏதாவது சொல்வதானால் அதற்குள் எழுதுங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பெல்ட்டைப் பற்றி இருந்தது, டயரைப் பற்றி இருந்தது. நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. என் தேய்மானத்தை யார் பார்ப்பது?

ஜென்சி


திருச்சி,
12.10.2025

அன்பு ஜென்சி,

நீ எப்படி இருக்கிறாய்? இதை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். கேட்கத் தெரியாமல் இல்லை. நன்றாக இருக்கிறேன் என்று நீ எழுதிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம்.

நீ கார் ஓட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து காலால் தரையை அழுத்துகிறேன் என்பது உனக்குப் பெரிய குறை. பிரேக் உங்க பக்கம் இல்லை என்று எத்தனை முறை கத்தியிருக்கிறாய். என் வேலையை நினைத்துப் பார். தினமும் நசுங்கிய வண்டிகளையே பார்க்கிறேன். போன வாரம் ஒரு கார். முன்பக்கம் முழுதும் போய்விட்டது. சீட்டுக்கு அடியில் ஒற்றைச் செருப்பு, பெண்கள் போடுவது. அதைப் போட்டிருந்தவர் பிழைத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் கால் அளவு அது.

நீ ஓட்டுவதில் குறை இல்லை ஜென்சி. நீ நன்றாகத்தான் ஓட்டுகிறாய். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

சாம்பசிவனின் முகவரியை எழுது. சும்மாதான், தெரிந்துகொள்ள.

அன்புடன்,
டேனியல்


சேலையூர்,
26.10.2025

டேனியல்,

முகவரி கேட்டீர்களே, சும்மாதான் என்று. நானும் ஒரு அசடு, தபால் அட்டையில் எழுதி உடனே அனுப்பினேன்.

நேற்றுக் காலை மாடம்பாக்கம் போனேன். பானெட்டைத் தொட்டேன், பெல்ட்டை இழுத்தேன். சாம்பசிவன் வேப்பங்குச்சியை மென்றுகொண்டே பார்த்தார்.

"மறுபடி இன்னாம்மா பாக்குற? உங்க வூட்டுக்காரருதான் நேத்து வெடிகாலையிலேயே வந்து எல்லாத்தையும் பாத்துகினு போய்ட்டாரே."

யார் என்று கேட்டேன்.

"ஒசரமா, கண்ணாடி போட்டுகினு. திருச்சிலேர்ந்து வந்தாராம். வண்டிக்கு அடியில பூந்துட்டாரும்மா, சட்டையெல்லாம் மண்ணு. 'என் ஒய்ஃப்தான் ஓட்டப் போறாங்க, எதையும் மறைக்காதீங்க'ன்னாரு. உங்கையில சொல்ல வேணாம்னாரு, வாய் தவறி சொல்ட்டேன். ஓட்டிப் பாருன்னு சாவியக் குடுத்தா வாங்கல. நீங்க ஓட்டுங்கன்னுட்டு இந்தாண்ட சீட்டுல உக்காந்துகினாரு. அகரம்தென் வரைக்கும் போய் வந்தோம். வேகமாத்தான் ஓட்டுனேன், ஒரு வார்த்த பேசலியே மனுசன். காலை மட்டும் இப்டி அழுத்திகினே இருந்தாரு. அவருக்குக் காலுல எதனா வாதமா?"

நான் இடது பக்கக் கதவைத் திறந்து பார்த்தேன். சீட் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது. உங்கள் முழங்காலுக்கு வேண்டிய அளவு. அதன்மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன். பாவம் அந்த மனிதர், வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்து விலையைக் குறைத்துவிட்டார்.

மாடம்பாக்கம் வரை வரத் தெரிந்தவருக்குச் சேலையூர் வரத் தெரியவில்லையா? வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தீர்கள். என்னை நின்று பார்க்கக்கூட உங்களுக்கு மனமில்லையா? எவ்வளவு நாளாகக் கதவு தட்டும் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்ப் பார்க்கிறேன் தெரியுமா?

ஜென்சி


திருச்சி,
2.11.2025

என் ஜென்சிக்கு,

உன்னைப் பார்த்தேன்.

மாடம்பாக்கத்திலிருந்து நேராக நம் சேலையூர் கேம்ப் ரோட்டுக்குத்தான் வந்தேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தேன். நீ பச்சைத் துப்பட்டா போட்டிருந்தாய். மெலிந்துவிட்டாய். பஸ் வந்ததும் கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஏறினாய். உள்ளே இடமில்லாமல் படியிலேயே நின்றாய். நான் அங்கேயும் காலை அழுத்தினேன்.

கூப்பிட்டிருக்கலாம். ஆயருக்குக் கொடுத்த வாக்கு என்று எழுதினால் அது பொய். நீ திரும்பிப் பார்த்து, "இங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டிருந்தால் வண்டி பார்க்க வந்தேன் என்று சொல்லியிருப்பேன். வண்டி பார்க்கவா வந்தேன்? சட்டை வேறு மண்ணாக இருந்தது. அந்தக் கோலத்தில், அந்தப் பதிலோடு உன் முன்னால் வர எனக்குத் தைரியம் இல்லை.

அந்த சீட்டில் ஏன் உட்கார்ந்தேன் என்று நீ கேட்கவில்லை. நீ ஓட்டும் வண்டியில் என் இடம் அதுதானே? வாயைத் திறக்காமல் என்னால் உட்கார முடிகிறதா என்று பார்த்தேன். வாய் அடங்கியது. அதை உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

வண்டி நல்ல வண்டி. வாங்கிக்கொள். உன் பேச்சைக் கேட்கும்.

நீ இல்லாமல் எனக்கு இங்கே ஒன்றும் பிடிக்கவில்லை.

டேனியல்


சேலையூர்,
16.11.2025

அன்புள்ள அத்தானுக்கு,

வண்டியை எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னபடி டேங்கை நிரப்பி, அதே பங்க்கில் மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். லிட்டருக்குப் பதினேழு வருகிறது. மேடவாக்கம் நெரிசலுக்கு இது போதும் என்று பங்க்கில் இருந்தவரே சொன்னார்.

பொன்மார் வளைவில் மூன்றாவது கியரில் திரும்பினேன். நான் எந்தச் சந்தோஷத்தைக் கேட்டேனோ அது அப்படியே கிடைத்தது. உடனே பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. தினமும் அந்த வளைவில் அப்படித்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

அந்த சீட்டை நான் நகர்த்தவில்லை. ஆபீஸ் தோழி புஷ்பம் ஒருநாள் ஏறிக்கொண்டாள். "என்னடி, கால் எட்டவே இல்ல, முன்னால தள்ளட்டுமா?" என்றாள். சீட்டை நகர்த்தும் லிவர் வேலை செய்யாது, ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். பாவம், சிறுசேரி வரை படுத்த மாதிரியே வந்தாள்.

டிசம்பர் ஆறாம் தேதி சனிக்கிழமை. வாருங்கள். தாம்பரம் ஸ்டேஷன் கிழக்கு வாசலில் நிற்பேன். அங்கிருந்து கோவளம் போய் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சாவி என்னிடம்தான் இருக்கும். ஆயருக்குச் சொல்ல வேண்டிய பதிலை வழியிலேயே எனக்குச் சொல்லிவிடுங்கள். காலை அழுத்துகிற சத்தம் கேட்டால் பொன்மாரில் இறக்கிவிடுவேன். பஸ் வரும்.

உங்கள்
ஜென்சி


திருச்சி,
23.11.2025

என் ஜென்சிக்கு,

ஆறாம் தேதி விடியற்காலை ரயில். கிழக்கு வாசலுக்கு நானே வந்துவிடுவேன், நீ படி ஏறி வர வேண்டாம். தாம்பரம் பக்கம் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிடைக்குமோ கிடைக்காதோ தெரியாது. ஆயருக்கு என் பதில் அதுதான்.

இங்கே டவுன் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் பழகிப் பார்த்தேன். வாய்க்கு நான் பொறுப்பு. கால்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை, இனி கேட்கும் என்றும் தோன்றவில்லை. பொன்மாரில் இறங்க எனக்கு மனமில்லை ஜென்சி.

அதனால் வண்டியில் ஏறியதும் ஷூவைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டுவிடுகிறேன். வெறுங்காலால் அழுத்தினால் உனக்குச் சத்தம் கேட்காது.

உன்
டேனியல்